கை நீளுவது எதற்காக?



எங்களிடம் படித்த ஒரு பிள்ளை இரண்டு மேற்கைகளையும் நீட்டும் சத்திரசிகிச்சை செய்து சுகமாகியிருக்கிறார். அவரும் உம்மாவும் சம்மதம் தந்ததால்தான் இதை எழுதுகிறோம். பெயர், இடம் யாரும் கேட்க வேண்டாம்.

விஷயம் தெரிந்ததும் ஊரில் பலர் கேட்டது, "உயரம் கூடுமா? இனி மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்றுதான். கை எலும்பை நீட்டினால் உயரம் கூடாது. இது அழகுக்காகச் செய்ததும் இல்லை.

அவருக்கு இருப்பது அகொன்ட்ரோபிளேசியா. ஒரு மரபணு மாற்றத்தால் பிறப்பிலேயே வருவது. உம்மா வாப்பா இருவரும் சாதாரண உயரமாக இருந்தாலும் பிள்ளைக்கு வரலாம். அறிவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மேற்கை எலும்பு குட்டையாக இருப்பதால் கை எட்டாது. தலை வாருவது, ஸ்கார்ஃப் குத்துவது, மலசலகூடத்தில் தன்னைத் தானே கழுவிக்கொள்வது எல்லாம் கஷ்டம். வளர்ந்த பிள்ளை சுத்தம் செய்ய இன்னொருவரைக் கூப்பிடுவது எவ்வளவு வேதனை என்று யோசித்துப் பாருங்கள்.

சோவியத் ஒன்றியத்தின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற வைத்தியர் 1950களில் வளர்த்தெடுத்த முறைதான் இதற்கு அடிப்படை. எலும்பை வெட்டி, வெளியே பொருத்திய சட்டத்தின் மூலம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் மெதுவாக விலக்குவார்கள். அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். 8 சென்ரிமீற்றர் என்றால் இழுப்பதற்கே 80 நாள் அளவு. அந்த எலும்பு இறுகும்வரை இன்னும் பல மாதம் சட்டத்தோடுதான் இருக்க வேண்டும்.

அந்த மாதங்கள் லேசானவை அல்ல. கம்பி போகும் இடத்தில் கிருமி தொற்றலாம். முழங்கை இறுகிவிடலாம். நரம்பு பாதிக்கப்படலாம். வலியோடு தினமும் பயிற்சி செய்ய வேண்டும். அதனால் இந்த முடிவு, விளங்கிக்கொள்ளும் வயதில் பிள்ளை தானே விரும்பி எடுக்க வேண்டியது. சொந்தக்காரரின் பேச்சுக்காகப் பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கக் கூடாது.

செய்துகொள்ளும் பிள்ளைக்குப் பாடசாலை செய்யக்கூடியது நிறைய உண்டு. புத்தகப் பையைச் சுமக்க ஒருவர். எழுதக் கூடுதல் நேரம். சட்டத்துக்கு மேலால் போடக்கூடிய அகலமான கை வைத்த சீருடைக்கு அனுமதி. இடைவேளை நெரிசலுக்கு முன் 5 நிமிடம் வெளியே விடுவது. எதற்கும் பெரிய செலவு இல்லை.

செய்துகொள்ளாத பிள்ளைக்கும் நம்மிடம் உரிமை இருக்கிறது. கை எட்டாவிட்டால் குழாயைக் கிட்டக் கொண்டு வரலாமே. தாழ்வான ஒரு குழாய், கழுவ ஒரு ஹேண்ட் ஷவர், ஏறி நிற்க உறுதியான ஒரு படி. பாடசாலையிலும் பள்ளிவாசல் வுழூ எடுக்கும் இடத்திலும் இவை இருந்தால் முதியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்கூட உதவும்.

பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் பெற்றோரே, பழைய மாணவர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம். கூட்டத்துக்கு வரும்போது மலசலகூடத்தை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.