பெயரோ கழகம், உள்ளே கம்பெனி!

1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மகன் பேரில் கொஞ்சம், மருமகன் பேரில் கொஞ்சம், டிரஸ்டு பேரில் கொஞ்சம் என்று எழுதிவைத்தார்கள். பண்ணை ஒன்று, பட்டா பத்து! இந்தப் பினாமி வித்தை விவசாயத் தொழிலாளிக்கு அத்துப்படி.

இதே வித்தையை இன்று பெருமுதலாளிகள் சட்டத்தின் ஆசியோடு நடத்துகிறார்கள். அதற்குத் 'தனிநோக்கக் கம்பெனி' என்று பெயர். ஒரு சாலைக்கு ஒரு கம்பெனி. ஒரு மின் நிலையத்துக்கு ஒரு கம்பெனி. ஒவ்வொன்றும் தன் பேரில் கடன் வாங்கும். அது திவாலானால், போட்ட பங்குப் பணத்துக்கு மேல் தாய்க் கம்பெனிக்குப் பொறுப்பில்லை.

இதன் லட்சணத்தை ஐ.எல். அண்டு எஃப்.எஸ். அம்பலப்படுத்தியது. சென்ட்ரல் பாங்கு, யூனிட் டிரஸ்டு, எச்.டி.எஃப்.சி. மூன்றும் சேர்ந்து 1987ல் துவக்கிய கம்பெனி இது. 2018ல் கவிழ்ந்தபோது அதன் வயிற்றில் 300க்கு மேற்பட்ட குட்டிக் கம்பெனிகள்! கடன் சுமார் 91,000 கோடி ரூபாய்! குறுகிய காலக் கடனை வாங்கி, பல ஆண்டு கழித்துப் பலன் தரும் சாலைகளில் முடக்கினார்கள். கடனை அடைக்க மேலும் கடன் வாங்கினார்கள். அவ்வாண்டு ஜூலை வரை முதல்தரக் கம்பெனி என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்த தர நிர்ணயக்காரர்கள், செப்டம்பரில் 'கடன் கட்டத் தவறியது' என்று கையை விரித்தார்கள்.

போனது யார் பணம்? அதன் மிகப்பெரிய பங்குதாரர் எல்.ஐ.சி.; ஆலைத் தொழிலாளி கட்டிய பிரீமியம் அது. அதன் கடன் பத்திரங்களில் பிராவிடண்ட் பண்டு, பென்ஷன் பண்டு டிரஸ்டுகளின் பணமும் சிக்கியது. ஆனால் பொதுத்துறைப் பங்கு 51 சதத்துக்குக் குறைவு. ஆகவே சட்டப்படி அது சர்க்கார் கம்பெனி அல்ல! பணம் மக்களுடையது, கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் மக்களுக்கு இல்லை.

திருப்பூரைப் பாருங்கள். பவானி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவர 1995ல் 'புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம்' அமைத்தார்கள். பெயரைக் கேட்டால் சர்க்கார் இலாகா என்றே தோன்றும். உள்ளே மாநில சர்க்காரோடு ஏற்றுமதியாளர் சங்கமும் இதே ஐ.எல். அண்டு எஃப்.எஸ்.ஸும்!

2015ல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டமும் இதே அச்சு. தமிழ்நாட்டில் 11 நகரங்களுக்குத் தனித்தனிக் கம்பெனி. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை மாநகராட்சிகளுக்குத் தேர்தலே இல்லை. கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லை. கோடிகளைச் செலவிடக் கம்பெனி மட்டும் இருந்தது!

"பெரிய திட்டத்துக்குத் தனி நிர்வாகம் வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். 1956ல் நெய்வேலியும் கம்பெனியாகத்தான் பிறந்தது. ஆனால் அன்று அது முழுக்க சர்க்கார் சொத்து. பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. நாம் எதிர்ப்பது தனி நிர்வாகத்தை அல்ல. பதில் சொல்லாத நிர்வாகத்தை!

தோழர்களே! பொதுப்பணம் நுழைந்த ஒவ்வொரு கம்பெனியையும் ஆடிட்டர் ஜெனரல் தணிக்கை செய்ய வேண்டும். குட்டிக் கம்பெனிகளின் கடனைத் தாய்க் கம்பெனி ஏற்க வேண்டும். திவாலானால் தொழிலாளியின் சேமிப்பு முதலில் திரும்ப வேண்டும். சங்கக் கூட்டம்தோறும் இவற்றைத் தீர்மானமாக்குங்கள்!

லாபம் அவர்களுக்கு, நஷ்டம் நமக்கு என்ற கணக்கை இனியும் ஏற்க மாட்டோம்!