பார்ப்பதற்கு முன்பே விற்கப்பட்ட நிலம்: அடிலெய்டும் டார்வினும் உருவான கதை

வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே வரைபடத்தைப் பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு தலைநகரையே அப்படி வாங்க முடியுமா? அதுவும் நகர் எங்கே அமையும் என்பதே தெரியாமல்?

ஆஸ்திரேலியாவில் அது நடந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. அடிலெய்டும் டார்வினும் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்கு அந்த விற்பனைகளே முக்கியக் காரணம்.

ஏன் முதலில் விற்றார்கள்?

1829ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிரிட்டன் குடியேற்றத்தைத் தொடங்கியபோது நிலத்தை அள்ளிக் கொடுத்தது. விளைவு? நிலம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. கூலிக்கு வந்தவர்களும் சொந்த நிலம் தேடிப் போய்விட்டார்கள்.

எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர் வேறு வழி சொன்னார். அப்போது அவர் லண்டன் சிறையில் இருந்தார். நிலத்தைச் சும்மா கொடுக்காதீர்கள், விலை வைத்து விற்று, அந்தப் பணத்தில் தொழிலாளர்களைக் கப்பலில் அழைத்து வாருங்கள் என்பது அவரது யோசனை. வந்தவர்களால் உடனே நிலம் வாங்க முடியாது. அதனால் சில ஆண்டுகளாவது கூலி வேலை செய்துதான் ஆகவேண்டும்.

தெற்கு ஆஸ்திரேலியா அந்த யோசனையில் பிறந்தது. 1834ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை போட்டது: முதலில் 35,000 பவுண்டுக்கு நிலம் விற்கவேண்டும், அதன் பிறகுதான் குடியேற்றம்.

விலை ஏக்கருக்கு 1 பவுண்டு. யாரும் பெரிதாக வாங்கவில்லை. பிறகு 12 ஷில்லிங்காகக் குறைத்தார்கள். 81 பவுண்டு கொடுத்தால் 134 ஏக்கர் கிராமப்புற நிலமும் 1 ஏக்கர் நகர நிலமும் கிடைக்கும். இப்படி 437 சீட்டுகள் விற்றன. வாங்கியவர்கள் யாரும் அந்த நிலத்தைப் பார்த்ததில்லை.

தலைநகர் எங்கே? முடிவு செய்தது யார்?

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நில அளவைத் தலைவர் கர்னல் வில்லியம் லைட்டிடம் வந்தது. பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? பினாங்கின் ஜார்ஜ் டவுனைத் தொடங்கிய ஃபிரான்சிஸ் லைட்டின் மகன்தான் இவர். 1786ல் கோலக் கெடாவில் பிறந்தவர்.

அப்பாவும் மகனும் செய்தது நேர் எதிர். பினாங்கில் காட்டை வெட்டித் திருத்தியவர்களுக்கே நிலம் என்றார் அப்பா. மகனோ ஏற்கெனவே விற்றுப்போன நிலத்தை அளக்க வந்தார்.

லைட் தேர்ந்தெடுத்த இடம் ஆற்றங்கரையில், கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஆளுநர் ஹைண்ட்மார்ஷுக்குப் பிடிக்கவில்லை. நகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்றார்.

1837 பிப்ரவரியில் நில உரிமையாளர்கள் கூடி வாக்களித்தார்கள். லைட்டின் இடத்துக்கு 218, எதிராக 137. தலைநகர் எங்கே என்று முடிவு செய்தவர்கள் அதை வாங்கியவர்கள். அங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த கௌர்னா மக்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டே மாதம்

சீட்டு வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். அதனால் அளவை ஜனவரி 11ல் தொடங்கி மார்ச் 10ல் முடிந்தது. மொத்தம் 1,042 மனைகள், ஒவ்வொன்றும் 1 ஏக்கர். முதல் 437 சீட்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஏலத்துக்குப் போனது.

அடிலெய்டின் நேர்க்கோட்டுத் தெருக்களும் சதுரங்களும் அப்போது வரைந்தவை. சீக்கிரம் அளந்து சீக்கிரம் ஒப்படைக்கக் கட்டம் போட்ட வரைபடம் வசதியானது. லைட் விற்பனைக்கு விடாத ஒன்றும் உண்டு: நகரைச் சுற்றிய பூங்கா வளையம். பெரும்பகுதி இன்னமும் இருக்கிறது.

கோட்டைத் தாண்டினால்?

நிலம் விற்றால் வருமானம். அதனால் எல்லை வடக்கே நகர்ந்துகொண்டே போனது.

1865ல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவைத் தலைவர் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். இதற்கு வடக்கே கோதுமைக்கு மழை போதாது என்றார். 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை. அரசாங்கம் கோட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பாலும் நிலம் விற்றது. புது ஊர்களை அடிலெய்டு பாணியிலேயே, சுற்றிலும் பூங்கா நிலத்தோடு வரைந்தார்கள்.

1880களில் வறட்சி வந்தது. கோதுமை விளையும் என்ற நம்பிக்கையில் மாவு என்று பொருள்படும் ஃபரினா என்ற பெயரை ஓர் ஊருக்குச் சூட்டியிருந்தார்கள். இன்று அது இடிந்த சுவர்கள் நிற்கும் இடம்.

அதே கதை, டார்வினில்

1863ல் வட பிரதேசம் தெற்கு ஆஸ்திரேலியாவின் கைக்கு வந்தது. பாடம் கற்றார்களா? இல்லை. 1864ல் லண்டனிலும் அடிலெய்டிலும் நிலம் விற்கத் தொடங்கினார்கள். 60 பவுண்டுக்கு 160 ஏக்கரும் அரை ஏக்கர் நகர மனையும். நகர் அப்போது இல்லை.

முதலில் எஸ்கேப் கிளிஃப்ஸ் என்ற இடத்தில் முயன்றார்கள். தோல்வி. வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1869ல் கோய்டரையே அனுப்பினார்கள். சில மாதங்களில் அவரது குழு 6 லட்சம் ஏக்கருக்கும் அதிகமாக அளந்து முடித்தது. தலைநகரோடு வேறு மூன்று ஊர்களையும் வரைந்தார்கள். நகரமாக வளர்ந்தது ஒன்றே ஒன்று. பால்மர்ஸ்டன் என்று தொடங்கி, 1911ல் டார்வின் என்று பெயர் மாறிய ஊர்.

அது லராக்கியா மக்களின் நிலம்.

இன்று ஏன் இது முக்கியம்?

1836ல் வந்த அரச ஆணை, அந்த மண்ணில் உண்மையில் குடியிருந்து அனுபவித்துவரும் பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடாது என்றது. நடைமுறையில் அது காற்றோடு போனது.

இங்கேதான் பழைய ரசீதுகளின் பலம் புரியும். ஆஸ்திரேலியச் சட்டப்படி, தனியாருக்கு முழு உரிமையோடு போன நிலத்தில் பூர்வகுடி நில உரிமை அற்றுப்போகும். 2006ல் டார்வின் நகர்ப் பகுதிக்கான லராக்கியா மக்களின் வழக்கு தோற்றது. மண்ணோடு அவர்களுக்கு இருந்த மரபுத் தொடர்பு நடுவில் அறுந்துவிட்டது என்றது நீதிமன்றம்.

கௌர்னா மக்கள் 2000ல் வழக்குப் போட்டார்கள். 2018ல் உரிமை கிடைத்தது, குறிப்பிட்ட சில நிலத்துண்டுகளில் மட்டும். 1837ல் அளந்த அந்த 1,042 ஏக்கர்? அது திரும்பவில்லை.

படிக்கவோ சுற்றிப் பார்க்கவோ அடிலெய்டுக்குப் போனால், நகர் நடுவே உள்ள விக்டோரியா சதுக்கத்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். அதில் தர்ந்தன்யாங்கா என்ற கௌர்னா பெயரும் இருக்கும். லைட் வரைந்த கட்டத்தின் மையம் அது. நிலம் அல்ல, பெயர் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.