முதல் வெல்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா?

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். எங்க பெரம்பலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி, சனி ஞாயிறு வந்து போறார். "அண்ணே, ஒரு கோழிக்கூண்டும் சின்ன இரும்பு கேட்டும் நானே அடிக்கலாம்னு இருக்கேன். 400 ஆம்ப் வெல்டிங் மெஷின் ஆறாயிரத்துக்குப் போட்டிருக்கான். வாங்கிடவா?"ன்னார்.

மெஷின் வாங்குறது நல்ல யோசனைதான். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் வாங்கினதே ஒரு கோபத்துல. புரட்டாசியில மழை பெஞ்சு, மக்காச்சோளம் போட நிலம் பதமா இருந்த அன்னைக்குக் கல்டிவேட்டர் பிரேம் விரிசல் விட்டுடுச்சு. பட்டறை 11 கிலோமீட்டர். ஏத்திக்கிட்டுப் போனா எனக்கு முன்னாடி நாலு பேர். "நாளைக்கு வாங்க"ன்னார். நாளைக்குப் போனா கரண்ட் இல்லை. மூணாம் நாள் பத்து நிமிஷத்துல ஒட்டிக் கொடுத்து இருநூறு ரூபா வாங்கினார். வயலுக்கு வந்து பார்த்தா மேல் ஈரம் காய்ஞ்சு போச்சு. இருநூறு ரூபா வேலைக்கு ஒரு பட்டம் தள்ளிப் போனா எப்படி இருக்கும்?

ஆனா அந்த 400 ஆம்ப் ஸ்டிக்கரை நம்பாதீங்க. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. வீட்டுல இருக்கிற பெரிய பிளக்கு 16 ஆம்ப். 230 வோல்ட்டால பெருக்கினா மூவாயிரத்து எழுநூறு வாட்ஸ் கிட்ட வரும். அதுக்கு மேல அந்த ஓட்டையில இருந்து எடுக்க முடியாது. 400 ஆம்ப்ல வெல்டிங் வைக்க அதைப்போல நாலு மடங்குக்கு மேல வேணும். ஆறாயிரத்துக்கு வர்ற, கையில தூக்குற பெட்டி அதைக் கொடுக்காது, கொடுத்தாலும் உங்க வீட்டு ஒயரிங் தாங்காது.

நல்ல செய்தி என்னன்னா, உங்களுக்கு அது தேவையே இல்லை. கோழிக்கூண்டு, கேட்டு, பந்தல் கம்பி இதுக்கெல்லாம் 2.5 எம்எம் ராடு போதும். 6013னு பாக்கெட்டுல போட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க, புதுசாப் பழகுறவங்களுக்கு அதுதான் சுலபமாப் பத்தும். அந்த ராடு 60ல இருந்து 90 ஆம்புக்குள்ள ஓடும். சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மெஷின், 200 ஆம்ப்னு போட்டது, ஏழெட்டாயிரத்துல கிடைக்குறது தாராளம். அஞ்சாறு கிலோதான் இருக்கும், தோள்ல மாட்டிக்கிட்டு வயலுக்குப் போகலாம். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் எத்தனை அடி வாங்கினாலும் தாங்கும், ஆனா நகர்த்தவே ரெண்டு ஆள் வேணும், பெரும்பாலும் ரெண்டு பேஸ் கேட்கும். ஒயர் சுருள்ல ஓடுற மிக் மெஷினும் இப்ப மலிவா வருது. கொட்டகைக்குள்ள மெல்லிசு தகடு ஒட்ட அது அழகு. துரு, சேறு, காத்து இருக்கிற இடத்துல ராடு மெஷின்தான் நம்ம ஆளு.

வாங்குமுன்ன கிராமத்து வோல்டேஜை மனசுல வைங்க. எங்க ஊர்ல சாயங்காலம் 170க்கு இறங்கிடும். அப்ப ராடு ஒட்டிக்கும், பத்தாது, நமக்கு வேலை தெரியலைன்னு நினைச்சுக்குவோம். நான் விடிகாலையில வைக்கிறேன். அதோட பம்புசெட்டுக்குன்னு கொடுத்த இலவசக் கரண்ட்டுல கொக்கி போட்டுடாதீங்க, தப்பு. மெல்லிசு எக்ஸ்டென்ஷன் ஒயரும் வேண்டாம், பாதி பலத்தை அதுவே தின்னுடும். பக்கத்து டவுன்ல அந்த போர்டைப் பிரிச்சுப் பார்க்குற ஆள் இருக்காரான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. என் மெஷின் ஒரு தடவை உள்ள பல்லி புகுந்து போச்சு. பல்லியும் போச்சு, எண்ணூறு ரூபாயும் போச்சு.

இதெல்லாம் மெஷின் கதை. நான் முக்கியமா சொல்ல நினைச்சது வேற.

நான் வாங்கினப்ப மெஷினுக்கு மட்டும் காசு எண்ணி வச்சேன். ஹெல்மெட் வாங்கலை. பெட்டியோட ஒரு பிளாஸ்டிக் கைமறைப்பு வந்துச்சு, அதையும் ஒரு கையில பிடிக்க முடியாம ஓரமா வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு டக்கு டக்குனு டேக் போட்டேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. அன்னைக்கு மகள் வீட்டுப் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ஆறு வயசு. திண்ணையில உக்காந்து "தாத்தா மத்தாப்பு விடுறார்"னு கைதட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தான். நானும் சிரிச்சுக்கிட்டே வேலை பார்த்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சுது. கண்ணுக்குள்ள ஒரு படி மணலைக் கொட்டித் தேய்ச்ச மாதிரி. எனக்குப் பரவாயில்லை, நான் செஞ்ச வினை. பிள்ளை ரெண்டு கண்ணையும் திறக்க முடியாம அலறுறான். உருளைக்கிழங்கை வெட்டி வை, தாய்ப்பால் விடுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கலை, அதுதான் தாங்க முடியலை. விடிஞ்சதும் கண் டாக்டர்கிட்ட ஓடினோம். வெல்டிங் வெளிச்சத்துல இருக்கிற புற ஊதாக்கதிர் கருவிழியோட மேல்தோலைச் சுட்டுடும், வெயில்ல தோல் கருகுற மாதிரின்னு விளக்கினார். சுடுற நேரம் வலிக்காது, சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியுமாம். ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. பேரனுக்கு இப்ப ஞாபகம்கூட இல்லை. எனக்கு இருக்கு.

அதனால தம்பி, பத்தாயிரம் ரூபா வச்சிருந்தா ஏழாயிரத்துக்கு மேல மெஷினுக்குக் கொடுக்காதீங்க. மீதியில தானா கறுக்குற ஹெல்மெட் ஒண்ணு, 10 அல்லது 11 நம்பர் இருட்டு வர்றது. தோல் கையுறை. பருத்திச் சட்டை, நைலான் வேண்டாம், பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். லுங்கியோட, செருப்போட வேலை செய்யாதீங்க. ஈரத்துல நிக்கவே கூடாது. சின்னப் பிள்ளைங்க நடமாடுற வீடுன்னா ஒரு பழைய தார்ப்பாயை மறைப்பாக் கட்டிட்டுத்தான் மெஷினை ஆன் பண்ணணும்.

ஜி.ஐ. பைப்பு மலிவாக் கிடைக்குதுன்னு அதுல பழகாதீங்க. மேல் பூச்சு துத்தநாகம். அந்தப் புகையை இழுத்தா ராத்திரி மலேரியா மாதிரி குளிர் ஜுரம் வரும். டீசல் டேங்க், பழைய பேரல் காலியா இருந்தாலும் கிட்டப் போகாதீங்க. டிராக்டர்ல ஒட்டுறதா இருந்தா பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க. டிரெய்லர் கொக்கி அத்துக்கிட்டா மட்டும் நான் இன்னைக்கும் பட்டறைக்குத்தான் போறேன். ரோட்டுல எதிர்ல வர்றவன் உசுரு என் ஒட்டை நம்பி இருக்கக் கூடாது.

மழைக்காலத்துல ராடு நமுத்துடும், பத்தாது. வெயில்ல காய வைங்க. நான் ஒரு தடவை தோசைக்கல்லுல போட்டு வறுத்தேன். வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எழுத மாட்டேன்.

தம்பி 200 ஆம்ப் மெஷினும் ஹெல்மெட்டும் வாங்கிட்டார். நேத்து முதல் ஒட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார், பார்த்தா காக்கா எச்சம் போட்ட மாதிரி இருந்துச்சு. "சுத்தியலால ஒரு போடு போடுங்க"ன்னேன். போட்டார், ரெண்டாப் போச்சு. இன்னொரு பாக்கெட் ராடு வாங்கப் போயிருக்கார்.