ஸ்பானிய மொழியை யாரிடம் கற்பது?

வாலிபர் விழா, தொழிற்சங்க மாநாடு, மருத்துவப் படிப்பு என்று ஏதேனும் ஒரு காரியமாகக் கியூபாவுக்கும் மெக்சிகோவுக்கும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் போய்வருகிற தோழர்கள் உண்டு. "மொழிபெயர்ப்பாளர் இருப்பார்; நமக்கோ ஆங்கிலம் ஓரளவு தெரியும்; ஸ்பானிய பாஷை எதற்கு?" என்று இவர்களில் சிலர் கேட்கிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறானது. ஏன் தவறு என்று பார்ப்போம்.

அந்த நாடுகளில் ஆங்கிலம் பேசுகிறவர் யார்? பெரும்பாலும் ஓட்டல் சிப்பந்தி, கம்பெனி மானேஜர், வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளை. கரும்பு வெட்டுகிறவனும், சுரங்கத்தில் இறங்குகிறவனும், சந்தையில் கூடை வைத்து விற்கிற தாயும் ஆங்கிலம் பேசுவதில்லை. ஆகவே ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போகிறவர் அந்த நாட்டின் ஒரு பாதியைத்தான் பார்த்துவிட்டு வருகிறார். அதுவும் எந்தப் பாதி? உழைக்காத பாதி!

செய்தியின் கதையும் இதுவேதான். 1952-ல் குவாத்தமாலாவில் அர்பென்ஸ் சர்க்கார் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. யுனைடெட் புரூட் கம்பெனி தரிசாகப் போட்டிருந்த நிலம் விவசாயிகளுக்குப் போயிற்று. 1954-ல் அமெரிக்க உளவு ஸ்தாபனம் அந்தச் சர்க்காரைக் கவிழ்த்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் பலவும் இதைக் கம்யூனிஸ்டு அபாயத்திலிருந்து மீட்சி என்றே உலகுக்குச் சொல்லின. நிலம் பெற்று, பிறகு அதைப் பறிகொடுத்த விவசாயி என்ன சொன்னான்? அவன் சொன்னதை அவன் நாட்டிலேயே கேட்க வேண்டும்.

பிரயாணத்தில் ஒரு பாஷையைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. எம். என். ராய் 1917-ல் அமெரிக்கப் போலீசின் பிடியிலிருந்து தப்பி மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். அங்கே ஸ்பானிய மொழியைக் கற்றார். மறு ஆண்டே இந்தியாவைப் பற்றி அந்த மொழியில் நூல் வெளியிட்டார். 1919-ல் மெக்சிகோ கம்யூனிஸ்டுக் கட்சி தோன்றியபோது அதன் ஸ்தாபகர்களில் ஒருவராக நின்றார். பிற்காலத்தில் அவர் போன வழி வேறு. 1929-ல் கம்யூனிஸ்டு அகிலத்திலிருந்து நீக்கப்பட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிய நாட்டில் கால் வைத்தவர் அந்த ஜனங்களின் மொழியில் பேசியதால்தான் அவர்கள் இயக்கத்தில் இடம் பெற்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தமிழனுக்கு இந்த மொழி அவ்வளவு தூரமுமல்ல. உயிரொலிகள் ஐந்தே. எழுதியபடி படிக்கலாம். நம் 'ஞ' அங்கே உண்டு. ரகர றகரம் போன்ற வேறுபாடும் உண்டு: 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்று அழுத்தினால் 'நாய்'. நம் வினைமுற்றைப் போல் அவர்கள் வினையின் ஈறே ஆளைக் காட்டும். 'த்ரபாஹோ' என்றால் உழைக்கிறேன். 'த்ரபாஹாமோஸ்' என்றால் உழைக்கிறோம். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் இருக்கிறது. தலைவலி வந்தால் ஆங்கிலத்தில் 'நான் தலைவலியை வைத்திருக்கிறேன்' என்கிற தோரணையில் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியிலோ நம்மைப் போலவே 'எனக்கு வலிக்கிறது' என்பார்கள். தோழரைக் குறிக்கும் 'கொம்பஞேரோ' என்ற சொல்லின் மூலப் பொருள், ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்பது. இதைவிட நல்ல முதல் பாடம் எது?

கியூபா 1999-ல் ஹவானாவில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியைத் திறந்தது. முன்பு கடற்படைப் பள்ளியாக இருந்த இடம் அது. ஸ்பானிய மொழி தெரியாமல் வரும் ஏழை நாட்டு மாணவர்களுக்கு முதலில் மொழியைக் கற்பித்துவிட்டே அங்கு மருத்துவம் கற்பிக்கிறார்கள். 2005-ல் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது கியூபா 2,000-க்கும் மேற்பட்ட மருத்துவ ஊழியர்களை அனுப்பியது. பிறகு பாகிஸ்தான் மாணவர்கள் 1,000 பேருக்கு இலவச மருத்துவப் படிப்பும் அளிக்க முன்வந்தது. நோயாளியிடம் 'எங்கே வலிக்கிறது?' என்று அவர் மொழியில் கேட்கத் தெரியாதவன் மருத்துவனாவது எப்படி? அரசியல் ஊழியனுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

"அது வெற்றியாளர்களின் மொழியல்லவா? வாளோடும் சிலுவையோடும் வந்ததல்லவா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1519-ல் கோர்த்தேஸ் மெக்சிகோவில் இறங்கியதும், அதற்குப் பின் பிசாரோ இன்கா ராஜ்யத்தை அழித்ததும் சரித்திரம். கெச்சுவா, நாவாத்ல் போன்ற மொழிகள் நூற்றாண்டுக் கணக்கில் தாழ்த்தப்பட்டன. பெரு நாட்டில் கெச்சுவா 1975-ல்தான் ஆட்சி மொழியாயிற்று. 2009-ல் பொலிவியாவின் அரசியல் சட்டம் 36 பூர்வகுடி மொழிகளை ஏற்றது. ஸ்பானிய மொழி கற்பவர் இதையும் சேர்த்தே கற்க வேண்டும். ஆனால் அந்த மொழியை எஜமானர்களுடைய சொத்தென்று விட்டுவிடலாமா? வேலைநிறுத்த அறைகூவலும் நிலத்துக்கான கோரிக்கையும் அதே மொழியில்தானே எழுந்தன! 1961-ல் கியூபாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் விவசாயியோடு வேலை, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் பாடம். ஒரே ஆண்டில் 7 லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். வெற்றியாளனின் எழுத்து அன்று உழவனின் எழுத்தாயிற்று.

ஆகவே பயணம் போகும் தோழர்களுக்குச் சொல்வது இதுதான். புறப்படும் முன் ஒரு மாதமேனும் அடிப்படைப் பாடத்தைப் படியுங்கள். போன இடத்தில் ஓட்டல் அறையில் அடைந்து கிடக்காதீர்கள். பஸ்ஸிலும் சந்தையிலும் சங்க அலுவலகத்திலும் போய் உட்காருங்கள். 'கோமோ சே தீசே?' அதாவது 'இதை எப்படிச் சொல்வது?' என்று குழந்தையிடமும் கேளுங்கள். தப்பாகப் பேசக் கூச்சப்படாதீர்கள். உழைக்கும் மக்கள் திருத்துவார்களே தவிர ஏளனம் செய்யமாட்டார்கள். நாள் பத்துச் சொல் குறித்துக்கொண்டாலும் முப்பது நாளில் முந்நூறு சொல்லாகும்.

சர்வதேச ஒற்றுமை என்று மேடையில் முழங்குகிறோம். அந்த ஒற்றுமை இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில் தொடங்குகிறது. அதற்கு முதலில் மொழி வேண்டும், தோழர்களே!