டர்போ போடுறது சரி, அந்த 57 லட்சத்தை எங்க எழுதுவீங்க?

கெலவரப்பள்ளி, சிப்காட் பக்கம் வேலை பார்க்குற பசங்களுக்கு ஒரு வசதி இருக்கு. அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு. பழைய ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ, போலோன்னு தேடினா அங்க கிடைக்கும். வாங்கின ஆறு மாசத்துல அடுத்த கேள்வி வரும்: "சார், டர்போ போட பர்சனல் லோன் எடுக்கலாமா?"

லோன் எடுத்துப் போடாதீங்க. கையில காசு இருந்தாலும், ரோட்டுல ஓட்டுற வண்டிக்குப் போடாதீங்க. ரெண்டாவது சொன்னதுக்குத்தான் உங்களுக்குக் கோபம் வரும். அதனால அதையே விரிவா பேசுவோம்.

ஆசை தப்புன்னு நான் சொல்லல. ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லியே நம்ம நாட்டுல வித்த சான் ஸ்டார்ம்ல இருந்தது சுமார் 60 ஹெச்.பி. தான். பழைய சிட்டி விடெக்ல 106. அப்போ எது ஸ்போர்ட்ஸ் கார்? வெளிநாட்டுல 1989-ல வந்த மாஸ்டா மியாட்டாவுக்கு டர்போ கிட் போடுறது பெரிய பொழுதுபோக்கு. அதைப் பார்த்துட்டு நம்ம ஊர்லயும் கை அரிக்குது.

மெக்கானிக் சொல்ற கிட் விலையை மட்டும் பார்க்காதீங்க. டர்போ இல்லாம டிசைன் பண்ணின எஞ்சின்ல காத்தை அழுத்தி அனுப்பினா நாக்கிங் வரும், பிஸ்டன் போகும். அதைத் தடுக்க இன்ஜெக்டர், ஈ.சி.யூ., இன்டர்கூலர். அப்புறம் கிளட்ச், பிரேக். ஒண்ணு போட்டா அடுத்தது கேக்கும். இதுக்கெல்லாம் கொட்டேஷன் வாங்கிடலாம், அதனால இது சின்னப் பிரச்சனை.

பெரிய பிரச்சனை சட்டம். கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, ஓனருக்கு ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டும். "5,000 தானே, கட்டிடலாம்"னு தோணுதா? நிஜமான பில் வேற.

ஒரு கணக்கு போடுவோம். உங்க வண்டி மோதி 28 வயசு ஆள் ஒருத்தர் இறந்துடறார்னு வெச்சுக்கங்க. உங்களை மாதிரிதான். சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை, மாசம் 30,000. வீட்ல மனைவி, குழந்தை, அம்மா. 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தா 42,000. வருஷத்துக்கு 5,04,000. அவரோட சொந்தச் செலவுன்னு மூணுல ஒரு பங்கு கழிச்சா 3,36,000. 2009 சரளா வர்மா தீர்ப்புல இருக்குற டேபிள்படி அந்த வயசுக்கு 17 ஆல பெருக்கணும். மொத்தம் 57,12,000 ரூபாய். இறுதிச் சடங்கு மாதிரி மத்த தலைப்புகளும் வட்டியும் தனி.

இதை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டணும்னுதான் தேர்ட் பார்ட்டி பிரீமியம் கட்டுறோம். ஆனா எஞ்சினை மாத்தினதை நீங்க அவங்ககிட்ட சொல்லல. சொன்னா ஆர்.சி.ல இருக்கான்னு கேப்பாங்க, அதுல ஏற முடியாது. உங்க வண்டி டேமேஜுக்கான க்ளெய்ம் முதல்ல அடிபடும். அடுத்து, முக்கியமான விஷயத்தை மறைச்சீங்கன்னு கோர்ட்ல வாதாடுவாங்க. அது நின்னா, அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த பணத்தை உங்ககிட்ட வசூல் பண்ண வருவாங்க. பிரிட்டன்ல மாடிஃபைடு காருக்குத் தனி பாலிசியே விக்கிறாங்க. அந்த வசதி இருக்குறதாலதான் அங்க இது பொழுதுபோக்கு.

ஆடிட்ல இப்படி ஒண்ணு வந்தா பேலன்ஸ் ஷீட்டுக்குள்ள ஏத்த மாட்டோம். நோட்ஸ்ல 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி'ன்னு எழுதுவோம். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். உங்க எஸ்.ஐ.பி., பி.எஃப்., அப்பா பேர்ல இருக்குற வீட்டு லோன் எல்லாத்துக்கும் கீழ அந்த ஒரு வரி உக்காந்திருக்கும். சம்பளம் 40,000-ல இருக்கும்போது அதைத் தூக்க முடியாது.

லோனைப் பத்தி சுருக்கமா: அந்த வட்டிக்கு வரிச் சலுகை கிடையாது. சொந்த உபயோக கார் கேப்பிட்டல் அசெட் இல்ல, அதனால வித்து நஷ்டமானாலும் எதுலயும் கழிக்க முடியாது. மாடிஃபைடு வண்டியை வாங்குற ஆளும் குறைவு.

அப்போ ஆசையை என்ன பண்றது? டர்போதான் வேணும்னா கம்பெனியே டர்போ வெச்சு வித்ததை வாங்குங்க. 2013-ல வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.-ல 105 பி.எஸ். பவர் ஸ்டாக்கிலேயே இருக்கு. (அதுலயும் "ஒரு ரீமேப் மட்டும்"னு ஆரம்பிச்சா மேல சொன்ன கதைதான்.) இல்ல, கையாலயே ஒரு வண்டியைக் கட்டணும்னா டிராக்குக்குன்னே கட்டுங்க. இருங்காட்டுக்கோட்டையும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயும் இருக்கு. ரோட்டுல ஓட்டாம டிரக்ல ஏத்திக் கொண்டு போங்க. ரேஸ்ல ஆகுற டேமேஜை சாதாரண பாலிசி கவர் பண்ணாது. ஆனா அங்க உடையுறது உங்க வண்டி மட்டும். செலவை போனஸ்லருந்து எடுங்க, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

பெங்களூருல பழசு வாங்கப் போறவங்களுக்கு: கே.ஏ. நம்பரோட 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருக்க முடியாது. என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, ஓசூர் ஆர்.டி.ஓ.ல டி.என். 70-க்கு மாத்தணும். அந்தச் செலவையும் விலையில சேர்த்துப் பேசுங்க. 15 வருஷம் தாண்டின வண்டின்னா ஆர்.சி. புதுப்பிக்கிறது தனி, 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. பானெட்டைத் திறந்து, எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப் போகுதா, முன்னாடி இருந்தவர் ஏற்கனவே ஏதாவது மாத்தி வெச்சிருக்காரான்னு உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை வெச்சுப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.