அரண்மனைப் பிறப்பும் பெண்ணின் பாக்கியமும்

ராஜ வம்சத்தில் உதித்த பெண் பூர்வ ஜன்மத்துப் புண்ணியத்தால் சகல பாக்கியமும் பெற்றவள் என்றும், லயன் காம்பராவில் பிறந்து, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு பனியிலும் மழையிலும் கொழுந்தெடுப்பவள் செய்த பாவத்தை அனுபவிக்க வந்தவள் என்றும், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பெரட்டுக் களத்திலும் கலியாண வீட்டிலும் காலங்காலமாய்ப் பேசப்பட்டு வருகிறது. கேட்பவருக்கு ஆறுதல் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை சரித்திரத்துக்கும் நியாயத்துக்கும் ஒருங்கே விரோதமானது.

இதே மலைநாட்டை ஆண்ட கரலியத்த பண்டாரனின் மகள் குசுமாசன தேவியின் சரிதையைப் பாருங்கள். சீதாவாக்கை ராஜசிங்கனிடம் நாட்டை இழந்து தந்தை திருகோணமலைப் பக்கம் மாண்டுபோக, குழந்தைப் பருவத்திலேயே போர்த்துக்கேயர் கையில் அகப்பட்டு, மன்னாரில் தோனா கத்தரீனா என்ற ஞானஸ்நானப் பெயரோடு வளர்ந்த அவளை, கண்டிச் சிங்காதனத்தில் இருத்தித் தாங்கள் ஆள எண்ணியே 1594இல் அவர்கள் படையோடு மலையேற்றினார்கள். தந்துறைப் போரில் அப்படை அழிந்ததும், வென்ற விமலதர்மசூரியன் தன் அரசுரிமைக்கு ஆதாரமாக அவளை மணந்தான். 1604இல் அவன் இறந்ததும், அடுத்து அரசனான செனரத்தும் அவளையே மணந்தான். சிங்காதனத்துக்கு உரியவளாய்ப் பிறந்ததனாலேயே கைக்குக் கை மாறிய அவள், 1613இல் மறைந்தாள்.

அந்தச் செனரத்துக்கு உதவியாக 1618இல் கப்பற்படை அனுப்பியவனும், தஞ்சை ரகுநாத நாயக்கனோடு 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டுவித்தவனுமான டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்டியனுக்கு, மறு வருஷம் லியோனோரா கிறிஸ்டினா என்ற மகள் பிறந்தாள். தந்தையின் செல்வ மகளாய் வளர்ந்து, பதினைந்தாம் வயதில் கோர்பிட்ஸ் உல்பெல்ட் என்ற பிரபுவுக்கு மனைவியானவள், கணவன்மீது ராஜத்துரோகக் குற்றம் விழுந்தபோது, யாதொரு வழக்கு விசாரணையுமின்றி 1663 முதல் 1685 வரை ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷம் கோப்பன்ஹேகனின் நீலக் கோபுரத்தில் சிறை கிடந்தாள். அடைத்தவன் அந்நியனல்லன், ஒரே தகப்பனுக்குப் பிறந்த சகோதரனாகிய மன்னன் மூன்றாம் பிரடெரிக். சிறை வாசத்தைப் பற்றி அவள் தன் கையால் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் 1869இல் அச்சேறி, இன்றும் டேனிஷ் இலக்கியத்தில் அவள் பெயரை நிறுத்துகின்றன. பிறப்பு அவளைச் சிறையிலிருந்து காக்கவில்லை. அவள் கற்ற எழுத்தே அவளை மறதியிலிருந்து காத்தது.

ராணிக்குப் பசியில்லையே, ஒழுகும் கூரையில்லையே என்று கேட்பவர்கள் கேட்பது நியாயந்தான். வறுமையைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆயினும் நம் பெண்களின் துயரத்தைத் தலையெழுத்தின்மீது சுமத்துவது, அதற்கு உண்மையில் பொறுப்பானவர்களைத் தப்பவிடுவதாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம் பாட்டிமாரை நாடற்றவராக்கியது விதியன்று; பாராளுமன்றத்தில் அதற்குக் கை தூக்கியவர்களே. நாள் முழுதும் மலையேறி இறங்கியும் நிறுவையில் கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்டவளின் சம்பளத்தை, சம்பள நாளில் புருஷன் போய் வாங்கிக்கொண்ட வழக்கமும் பிரமன் எழுதியதன்று. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல் அவளுக்குக் கிடைத்ததோ எந்தப் புண்ணியத்தாலுமன்று. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பெற்றதே அது.

ஆகவே, பெற்றோரே, பெரியோரே, பிறப்பைக் காட்டிப் பெண்ணை உயர்த்தும் பேச்சையும் தாழ்த்தும் பேச்சையும் இன்றோடு விடுங்கள். உங்கள் மகளின் படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். அவள் உழைத்த சம்பளம் அவள் கையிலேயே சேரட்டும். வீட்டுக்குக் காணி உறுதி கிடைக்கும் நாளில் அதில் அவள் பெயரும் இருக்கட்டும். அந்த இரண்டு அரசகுமாரிகளுக்கும் அவர்களுடைய பிறப்பு தராத சுதந்திரத்தை உங்கள் மகளுக்கு நீங்கள் தர முடியும்.