பால் கொடுக்கும் தாயும் மலமிளக்கி மருந்தும்: எமது நிலைப்பாடு

பால் கொடுக்கும் தாய்க்கு மலச்சிக்கலோ நெஞ்செரிவோ வந்தால் மருந்து எடுக்கலாம். அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தாய்சேய் நலத்துக்காகப் பணிசெய்யும் எமது நிலைப்பாடு இதுவே. பிள்ளை பெற்ற முதல் நாட்களில், தையல் நோகும் என்ற பயத்தில் தாய் மலத்தை அடக்குகிறாள். பத்தியம் என்று சொல்லி மரக்கறியையும் பழத்தையும் ஒதுக்கி, தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசை, அவசியமானதுதான் என்றாலும், மலத்தை இன்னும் இறுக்கும். இவ்வளவுக்கும் பிறகு, “பிள்ளைக்குக் கூடாது, பொறுத்துக்கொள்” என்று அவளிடம் சொல்வது அநியாயம்.

தாய் விழுங்கும் மருந்து பிள்ளையைச் சேர வேண்டுமானால், அது குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து பாலுக்கும் போக வேண்டும். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை முதல் படியையே தாண்டுவதில்லை. இசப்கோல் உமி தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. லக்டுலோஸ் பாணியில் மிகச் சொற்பமே இரத்தத்தில் கலக்கிறது. பிசாகோடில் என்னும் மலமிளக்கி எடுத்த தாய்மாரின் பாலைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், அம்மருந்தின் செயற்படு கூறு பாலில் அகப்படவில்லை. நிலாவரையிலிருந்து எடுக்கும் சென்னா கொஞ்சம் பாலுக்குப் போகிறது. ஆனால் 1988இல் 20 தாய்மாரிடம் செய்த ஆய்வில், எந்தப் பிள்ளைக்கும் வயிறு இளகவில்லை. அலுமினியம், மக்னீசியம் கலந்த அமில முறிப்பு மருந்துகளும் இரத்தத்தில் அதிகம் சேர்வதில்லை. நெஞ்செரிவுக்குத் தரும் ஒமெப்ரசோல் பாலில் வருவது மிகக் குறைவு. தேவைப்படும்போது வைத்தியர்கள் அதைக் கைக்குழந்தைக்கே நேரடியாகக் கொடுப்பதுண்டு. தாய்மார் கவனிக்க வேண்டியது வேறொன்று: அமில முறிப்பு மருந்து இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணித்தியாலமாவது விடவேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே “பாலூட்டும் தாய்மார் தவிர்க்கவும்” என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த வரி பெரும்பாலும் கம்பனி தன் பாதுகாப்புக்காக எழுதுவது. தீங்கு கண்டறியப்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. நாட்டு மருந்து என்றால் பயமில்லை என்ற எண்ணத்தையும் நாம் ஏற்கவில்லை. பேதிக்கென்று ஆமணக்கெண்ணெய் குடித்தால், களைத்த உடம்பிலிருந்து இன்னும் நீர்தான் போகும். அதைத் தவிர்க்கும்படியே சொல்கிறோம். பிஸ்மத் சலிசிலேற்று உள்ள வயிற்று மருந்தையும், நாட்கணக்கில் திரவ பரபின் எடுப்பதையும் அப்படியே. சாப்பாட்டை மாற்றினால் போதாதா என்பது நியாயமான கேள்வி. தண்ணீரும் கீரையும் பப்பாளியும்தான் முதல் வைத்தியம், பத்தியம் அதற்கு வழிவிட வேண்டும். ஆனால் அது பலன் தரும்வரை தாய் வலியில் கிடக்க வேண்டியதில்லை. பிள்ளை இளக்கமாகப் போகிறது என்ற கவலையும் வரும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மஞ்சளாக, இளக்கமாக, ஒரு நாளில் பலமுறை போவது இயல்பு. தண்ணீராகப் போனாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாக நடந்து காத்த பலன் அது. ஒரு குளிசைக்குப் பயந்து இரண்டு நாள் பாலை நிறுத்தினால் மார்பு கட்டி நோகும், பால் வற்றத் தொடங்கும், போத்தலும் பால்மாவும் வீட்டுக்குள் வந்துவிடும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் போத்தலை அவித்தும் பால்மா கரைப்பது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாழும் குடும்பத்துக்கு லேசான காரியமல்ல. ஆகவே, மருந்து கேட்டு வரும் பெண்ணிடம் பால் கொடுக்கிறாரா என்று பாமசிக்காரர் விசாரிக்க வேண்டும், ஆம் என்றால் வெறுங்கையோடு அனுப்பாமல் இசப்கோலையோ லக்டுலோஸையோ முதலில் காட்ட வேண்டும் என்று கேட்கிறோம். பிரசவ விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே தாதியர் இதைத் தாயிடமும், கூட நிற்கும் அம்மாவிடமும் மாமியிடமும் சொல்லிவிட வேண்டும். பத்தியத்தைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான்.